பதினாறு உள்ளே, பத்து வெளியே

அந்த வரி அங்கே இருக்கவே முடியாது.

ஜான்ஹவி கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டாவில் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி லேப்டாப்பைப் பார்த்தாள். பழைய கன்ட்ரோலரின் வயிற்றிலிருந்து கேபிள் வழியாகச் சற்றுமுன் அவள் இழுத்தெடுத்த புரோகிராம் திரையில் நீளமாகக் கிடந்தது. கதவு மோட்டார், சைரன், விளக்கு, ஆள் எண்ணிக்கை. எல்லாம் வெறும் கட்டளைகள், வெறும் எண்கள். விளக்கம் என்று ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. இந்தக் கிழட்டு கன்ட்ரோலருக்குக் கட்டளைகளை வைத்துக்கொள்ளவே இடம் போதாது. எழுதுகிறவர் தன் வசதிக்காகப் பக்கத்தில் குறித்துவைக்கும் கமெண்டுகள் எல்லாம் அவருடைய கம்ப்யூட்டரோடு நின்றுவிடும், உள்ளே இறங்காது. இறங்காத ஒன்று எப்படித் திரும்பி ஏறிவரும்?

ஆனால் வந்திருந்தது. ஆள் எண்ணிக்கைப் பகுதியில், ஒரே ஒரு வரிக்கு மேலே, இரண்டு சாய்கோடு போட்டு, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

// இன்னும் ஆள் இருக்கு

"சிலுவை, இந்த புரோகிராம் யாரு எழுதினது?"

ஏணி மேல் நின்று வயர் செருகிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் குனிந்து பார்த்தார். நாற்பது வயது, தருவைகுளத்துக்காரர். வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே பேசப் பழகியவர்.

"தேவபிரசாதம் சார். எழுதிக் குடுத்துட்டு மஸ்கட்டுக்குப் போயிட்டாரு. ஏன் மேடம், தப்பா எழுதிட்டாரா?"

"தமிழ்ல எழுதியிருக்கார்."

"தமிழ்லயா? அவரு வாயிலருந்து கோட்டிக்காரப் பயலேங்கிறத தவிர வேற தமிழ நான் கேட்டதே கெடையாது."

ஜான்ஹவி சிரித்துவிட்டு, அந்தக் கமெண்டை அழித்தாள். அது உட்கார்ந்திருந்த வரியையும் சேர்த்தே அழித்தாள். புதிய கன்ட்ரோலருக்கு அவளே புதிதாக எழுதிக் கொண்டுவந்திருந்தாள். பழையதை ஒரு பார்வை பார்ப்பது ஒப்பிட்டுக்கொள்ள மட்டும்தான்.

உப்பளங்களுக்கு நடுவே, கடலைப் பார்த்த மாதிரி தனியாக நின்ற இறால் கம்பெனி அது. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக்கிடந்தன. இறால் வரத்து இல்லை. கம்ப்ரஸரை நிறுத்திப் பல நாளாகியிருந்தது. வாசலில் ஒரு வாட்ச்மேனைத் தவிர ஆளில்லை. படகுகள் மறுபடி இறங்குவதற்குள் கன்ட்ரோலரை மாற்றிவிட வேண்டும் என்று மேனேஜர் முத்துச்செல்வம் ஒற்றைக்காலில் நின்றார். அதனால்தான் வெயில் மண்டையைப் பிளக்கும் இந்த மத்தியானத்தில், வேர்வையில் குர்தா முதுகோடு ஒட்டிக்கொள்ள, ஆழ்வார்திருநகரியிலிருந்து பஸ் ஏறி வந்து அவள் இந்த முன்னறையில் உட்கார்ந்திருந்தாள்.

முன்னறை என்பது ஒரு கன்டெய்னர் பெட்டி அளவு. ஜன்னல் இல்லை. நடுவில் நுரை அடைத்த தகரச் சுவர்கள். ஒரு பக்கம் வெளியே போகும் இழுவைக் கதவு, மோட்டாரில் ஓடுவது. எதிர்ப் பக்கம் குளிரறை. குளிரறை வாசலில் தடித்த பிளாஸ்டிக் பட்டைகள் திரையாகத் தொங்கின. அவற்றுக்கு முன்னால் சுழலும் இரும்புக் கம்பிகள் இரண்டு, ஒன்று உள்ளே போக, ஒன்று வெளியே வர. ஒருவர் தள்ளிக்கொண்டு போனால் ஒரு 'டக்'. ஓர் எண். வெளிக்கதவின் தலைமேல் சிவப்பு விளக்கில் அந்த எண் எரியும்: குளிரறைக்குள் இப்போது எத்தனை பேர்.

"இது எதுக்கு சிலுவை, இப்படி ஒரு இன்டர்லாக்? உள்ளே ஒரு ஆள் இருந்தாக்கூட வெளிக்கதவு திறக்காதுன்னு போட்டிருக்கு?"

"எறா திருடுறாங்களாம். பொம்பளைங்க ஒவ்வொருத்தியா நழுவிப் போனா செக் பண்ண முடியலன்னு மேனேஜர் அண்ணாச்சி சொல்லுதாரு. அதான், மொத்த ஷிப்டும் ப்ரீசர விட்டு இங்கன வந்து நின்னாத்தான் கதவு தொறக்கும். எல்லாத்தையும் வரிசையா நிப்பாட்டி மடிய ஒதறிப் பாத்துட்டு விடுவாங்க."

"யாராவது மயங்கி உள்ளேயே விழுந்துட்டா?"

சிலுவை ஏணியிலிருந்து இறங்கி ஸ்க்ரூவை வாயிலிருந்து எடுத்தார். வெளிக்கதவின் உட்பக்கத்தில் ஒரு வட்டத்தைத் தடவிக் காட்டினார். ஆபத்துக்குத் தள்ளித் திறக்க வேண்டிய குமிழ் இருந்த இடம். வெல்டிங் வைத்து மூடியிருந்தது.

"ஒரு தடவ அப்பிடி ஆச்சு. அத கேக்கப்படாது மேடம்" என்றார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அதற்குப் பிறகு எண்ணிக்கையைச் சோதித்தார்கள். உள்ளே பத்து தடவை, வெளியே பத்து தடவை. கம்பியைத் தள்ளித் தள்ளி சிலுவைக்கு மூச்சு வாங்கியது.

"மாதா கோயில் சப்பரங்கூட இத்தன சுத்து சுத்தாது மேடம்."

"பத்து முடிஞ்சுது, போதும். டீ கிடைக்குமா?"

"ரோட்டு முக்குல கெடைக்கும். அப்பிடியே கேபிள் டையும் வாங்கிட்டு வாரேன்."

பைக் சத்தம் உப்பளத்து வரப்பில் தேய்ந்து மறைந்தது. திறந்திருந்த வெளிக்கதவு வழியே வெயில் ஒரு வெள்ளைத் துண்டாக உள்ளே விழுந்து கிடந்தது. ஜான்ஹவி பழைய கன்ட்ரோலரைக் கழற்றினாள், புதியதை மாட்டினாள், புரோகிராமை இறக்கினாள், ஓட விட்டாள்.

தலைக்கு மேல் சிவப்பு எண் ஒருமுறை சிமிட்டியது.

ஆறு.

மோட்டார் உறுமியது. அவள் எழுந்து திரும்புவதற்குள் வெளிக்கதவு தண்டவாளத்தில் ஓடிவந்து வெயிலை நறுக்கிக்கொண்டு மூடியது. பூட்டு விழுந்தது. தடித்த, முடிவான சத்தம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே போவதை எண்ணும் கார்டு பழையது, அதை மாற்றவில்லை. அது பழைய காலத்து முறையில், இலக்கத்துக்கு ஓர் அறை என்று எண்களை எழுதும். பத்து என்றால் ஓர் அறையில் ஒன்று, பக்கத்து அறையில் பூஜ்யம். பிசிடி என்பார்கள். புதிய கன்ட்ரோலருக்கு அந்தத் தடுப்பு தெரியாது. இரண்டு அறையையும் சேர்த்து ஒரே எண்ணாகப் படித்தால் பத்து, பதினாறு ஆகிவிடும். வெளியே வருவதை எண்ணும் கார்டு புதுசு. அது பத்து என்று சரியாகச் சொல்லியிருக்கும். பதினாறு உள்ளே, பத்து வெளியே. மிச்சம் ஆறு. இல்லாத ஆறு பேர்.

தேவபிரசாதத்தின் புரோகிராமில் இதை மாற்றித் தருவதற்கு ஒரு வரி இருந்திருக்கும். புதியதில் எழுதிக்கொள்ளாமல், கமெண்டோடு சேர்த்து அவள் அழித்த வரி.

'இதை ஆபீசில் சொன்னால் ஒரு வருஷத்துக்குக் கேலி பண்ணுவார்கள்' என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்து, மாற்றும் கட்டளையைத் தட்டச்சு செய்தாள். முதுகுக்குப் பின்னால், வெயிலில் தகரம் விரிகிற மாதிரி, இடைவெளி விட்டு விட்டு ஏதோ சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் கழித்து, டக். பிளாஸ்டிக் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுகிற ஓசை. கடல் காற்றாக இருக்கும். கதவு மூடியிருக்கும்போது காற்று எப்படி வரும் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. வரியை முடித்தாள். இறக்கினாள். நிமிர்ந்தாள்.

ஆறு.

திரையில் கார்டின் எண்ணை நேராகத் திறந்து பார்த்தாள். முதல் அறையில் ஒன்று. அடுத்த அறையில், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில், ஆறு.

அவள் தப்பில்லை இப்போது. கணக்கு சரி. மாற்றம் சரி. பதினாறு பேர் உள்ளே போயிருக்கிறார்கள். பத்து பேர்தான் வெளியே வந்திருக்கிறார்கள். சற்றுமுன் தப்பாக வந்த எண், அவள் திருத்தி முடிப்பதற்குள் தானே நிஜமாகிவிட்டிருந்தது.

அந்த 'டக்'குகளை மனசுக்குள் திருப்பி ஓட்டிப் பார்த்தாள். எண்ணிப் பார்க்கத் துணிவில்லை. உள்ளே போகும் கம்பி இந்தப் பக்கத்திலிருந்துதான் தள்ளப்படும். குளிரறைக்குள் யாராவது போயிருந்தால், இந்த முன்னறையிலிருந்து போயிருக்க வேண்டும். இவள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

குளிர் அப்போதுதான் உறைத்தது.

கம்ப்ரஸர் ஓடவில்லை. ஓடினால் தரையே அதிரும். ஆனாலும் பிளாஸ்டிக் பட்டைகளுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை மெதுவாகக் கசிந்து, தரையோடு தரையாக ஊர்ந்து, அவளுடைய செருப்பு விரல்களைத் தொட்டது. அமோனியா நெடி. பழைய இறால் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை: தேங்காயெண்ணெய், ஈரத் தலைமுடி, வாடிய மல்லிகைப்பூ.

வேர்வையில் நனைந்திருந்த குர்தா முதுகில் ஐஸாக ஒட்டியது. போனை எடுத்தாள். தகரச் சுவருக்குள் சிக்னல் இல்லை. சிலுவைக்கு அனுப்பிய மெசேஜ் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பயப்படாதே" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். "எண்தானே."

எண்ணைப் பூஜ்யமாக்கு என்று நேரடியாக ஒரு வரி எழுதினாள். கழித்தல் வேண்டாம், கார்டு வேண்டாம். மிச்சம் சமம் பூஜ்யம். இறக்கினாள்.

சிவப்பு எண் பூஜ்யமானது. பூட்டு விலகியது. கதவு ஒரு விரற்கடை நகர்ந்தது. அந்தக் கீற்றில் வெயில், சுடுகாற்று, கடலின் உப்பு. அவள் பாய்ந்து விரல்களை நுழைக்கப் போனாள்.

ஆறு.

கதவு அறைந்து மூடியது. விரலை இழுத்துக்கொண்டதால் தப்பியது.

திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். அவள் எழுதிய வரி அப்படியே இருந்தது. அதன் முன்னால் மட்டும் இரண்டு சாய்கோடுகள் முளைத்திருந்தன. அந்த இரண்டு கோட்டைப் போட்டுவிட்டால் அந்த வரி கட்டளை இல்லை, வெறும் கமெண்ட்; இயந்திரம் அதைப் படிக்காது. கோடுகளை அழித்தாள். மீண்டும் இறக்கினாள். கண் முன்னாலேயே, யாரோ பொறுமையாகத் தட்டுவது போல, ஒரு கோடு. இன்னொரு கோடு. அதற்குக் கீழே ஒவ்வோர் எழுத்தாக ஒரு புதிய வரி.

// ஆள் இருக்கும்போது எப்படி பூஜ்யம்

கைகள் மேஜையிலிருந்து தாமாக விலகின.

"மேடம்! மேடம்!"

கதவுக்கு வெளியிலிருந்து. சிலுவை! ஜான்ஹவி ஓடிப்போய்த் தரையில் குப்புற விழுந்தாள். கதவின் அடி ரப்பர் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அந்த ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினாள்.

"சிலுவை! கதவைத் திறங்க! உள்ளே மாட்டிண்டுட்டேன்!"

"நம்பரு ஆறுன்னு காட்டுது மேடம், வெளிய இருக்கிற டிஸ்பிளேல. ரீசெட் சாவி அண்ணாச்சி கையில இருக்கு. அவரு தூத்துக்குடிக்குப் போயிட்டாரு."

"போய் வாங்கிண்டு வாங்க! இல்லேன்னா கதவை உடைங்க! குளிர் தாங்கலை!"

"குளிரா? கம்ப்ரஸர் ஆப்லதான கெடக்கு?" குரல் தணிந்து, ஓட்டைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தது. "மேடம்... உள்ள உங்க கூட யாரு?"

"யாரும் இல்லை."

"இல்ல... பேச்சுச் சத்தம் கேக்குதே. பொம்பளையாளுங்க. கசகசன்னு, ஷிப்டு விடுற நேரத்துல பேசிக்கிடுவாங்கள்லா, அது மாதிரி."

அவள் காதில் எதுவும் கேட்கவில்லை. கன்னம் தரையில் இருக்க, அப்படியே மெதுவாகத் தலையைத் திருப்பி அறையைப் பார்த்தாள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் சிமென்ட் தரை பளபளத்தது. ஈரம். பாதங்களின் ஈரம். நாற்காலிக்குப் பின்னாலிருந்து தொடங்கி உள்ளே போகும் கம்பிவரை, வெறுங்கால் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக.

"நா சாவிய வாங்கிட்டு ஓடியாரேன் மேடம்! தைரியமா இருங்க!"

"போகாதீங்க சிலுவை—"

பைக் போய்விட்டது.

தூத்துக்குடி போய், மேனேஜரைத் தேடிப் பிடித்து, திரும்பி வர வேண்டும். அதற்குள் இந்தக் குளிர் என்னவாகும்? மூச்சு வெள்ளையாக வந்தது. விரல் நுனிகளில் உணர்ச்சி போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் பனி படிந்தது.

கரன்ட்டை நிறுத்தினால்? பேனலைத் திறந்து பெரிய சுவிட்சைக் கீழே தள்ளினாள்.

ட்யூப்லைட் அணைந்தது. கன்ட்ரோலரின் பச்சை விளக்குகள் செத்தன. கதவு அசையவில்லை.

இருட்டில் சிவப்பு எண் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. ஆறு.

பேட்டரியில் ஓடிய லேப்டாப் திரையில், செத்துப்போன கன்ட்ரோலரோடு தொடர்பு இருப்பதாக ஒரு பச்சைப் பட்டை. மின்னவில்லை, நடுங்கவில்லை. நிலையாக.

"பெருமாளே" என்றாள்.

வழி ஒன்றுதான். எண்ணைப் பொய்யாக மாற்ற முடியாது என்றால் நிஜமாகவே குறைக்க வேண்டும். வெளியே வரும் கம்பியை இந்தப் பக்கத்திலிருந்து கைநீட்டி இழுத்தால் சுழலும். இழுத்தால் ஒரு டக். ஒரு டக்குக்கு ஓர் எண். ஆறு இழுப்பு. கதவு திறந்துவிடும்.

இருட்டில் தடவித் தடவிப் போய்க் கம்பியைப் பிடித்தாள். உள்ளங்கை இரும்போடு ஒட்டிக்கொண்டது. இழுத்தாள்.

வெறும் கம்பி இவ்வளவு கனக்காது. யாரோ அதன் மேல் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு, களைத்துப்போய், மெதுவாக அடியெடுத்து வைக்கிற கனம்.

டக். ஐந்து.

அவள் தோளில் ஈரத் துணி உரசியது. தேங்காயெண்ணெய் வாசனை கடந்துபோய் அவளுக்குப் பின்னால் நின்றது.

திரும்பவில்லை. திரும்பக் கூடாது. இழுத்தாள். டக். நான்கு. பட்டைகள் விலகி, மறுபடி விழுந்து ஆடின. பின்னால் ஒரு பெருமூச்சு. நெடுநேரம் நின்றே வேலை செய்தவர்கள் விடுவது போல. இழுத்தாள். டக். மூன்று.

அப்போதுதான் தான் செய்வது என்னவென்று அவளுக்கு முழுசாகப் புரிந்தது.

எண் குறைகிறது. ஆனால் ஆள் குறையவில்லை. உள்ளே குறைகிற ஒவ்வொன்றும் இங்கே கூடுகிறது. இந்தக் கன்டெய்னர் அளவு அறையில். அவளோடு. கதவு திறக்க வேண்டுமென்றால் ஆறு பேரையும் தன் கையால் இழுத்துத் தன் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறுத்தினாள். பல் கிடுகிடுத்தது. நிறுத்தினால் இங்கேயே விறைத்துப்போவாள். அம்மா சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பாள்.

இழுத்தாள். இரண்டு. இழுத்தாள். ஒன்று.

முதுகுக்குப் பின்னால் அறை நிறைந்துவிட்டது. சூடு இல்லாத உடம்புகள். இடமில்லாமல் அவள்மேல் நெருக்கின. யாருடைய மூச்சோ பிடரியில். மூச்சு இல்லை அது. குளிர்.

கடைசி இழுப்பு.

கம்பி அசையவில்லை.

இரண்டு கையாலும் பிடித்தாள். காலை முட்டுக்கொடுத்தாள். வரவில்லை. மறுபக்கத்திலிருந்து யாரோ கம்பியைப் பிடித்து நிறுத்துகிறார்கள். சிவப்பு வெளிச்சத்தில் இரும்பின் மேல் படிந்த உறைபனி தெரிந்தது. அந்தப் பனியில் ஒவ்வொன்றாக விரல் அடையாளங்கள் விழுந்தன. நான்கு. பெருவிரல். இறுக்கமாக.

"வந்துடு" என்று அழுதாள் ஜான்ஹவி. "தயவு செஞ்சு வந்துடு."

விரல்கள் விடவில்லை.

இருட்டில் லேப்டாப் திரை வெளிச்சம் மாறியது. அவள் பார்க்க விரும்பவில்லை. பார்த்தாள். ஆளில்லாத விசைப்பலகைக்கு மேலே ஒரு வரி.

// அவ வரமாட்டா. நீ போய்க் கூட்டிட்டு வா

பின்னாலிருந்த நெருக்கம் மெல்ல இறுகியது. தள்ளவில்லை. முரட்டுத்தனம் இல்லை. கூட்டத்தில் முன்னால் நிற்பவளைப் பின்னால் நிற்பவர்கள் நகர்த்துவது போல, கொஞ்சம் கொஞ்சமாக. உள்ளே போகும் கம்பி அவள் வயிற்றில் இடித்தது. சுழன்றது.

டக். இரண்டு.

பிளாஸ்டிக் பட்டைகள் முகத்தை நக்கிவிட்டு மூடின.

போன் டார்ச்சைப் போட்டாள். காலித் தட்டுகள் அடுக்கிய இரும்பு அலமாரிகள். உறைந்த தரை. ஒவ்வோர் அடியிலும் பனி நொறுங்கியது.

"எங்கே இருக்கே?"

அவள் குரலே இடுங்கி, சுவருக்குள் போய்விட்டது. முதல் சந்து. யாரும் இல்லை. இரண்டாவது. இல்லை. கடைசிச் சந்தின் மூலையில் சுவரைப் பார்த்தபடி, நீல ஏப்ரன். தலையில் வலைத்தொப்பி. கீழே கம்பூட்ஸ்.

"வா. போகலாம். எல்லாரும் நிக்கறா. நீ வந்தாத்தான் கதவு திறக்கும்."

அசையவில்லை. கிட்டப் போனாள். தோளைத் தொட்டாள்.

ஏப்ரன் விறைத்துக்கொண்டு ஆடியது. உள்ளே எதுவும் இல்லை. ஆணியில் மாட்டி உறைந்துபோன வெறும் ஏப்ரன்.

பின்னால் பட்டைகள் படபடத்தன.

யாரோ ஓடுகிற ஓசை. வெறுங்கால்.

டக்.

அவள் திரும்பி ஓடிவந்தாள். வழுக்கினாள். போன் கையிலிருந்து தெறித்து எங்கோ விழுந்து அணைந்தது. எழுந்தாள். பட்டைகளுக்கு அப்பால் சிவப்பு வெளிச்சம்.

எண் ஒன்று.

கடைசி ஆள் வெளியே போயாகிவிட்டது. உள்ளே இருப்பது இவள் ஒருத்தி. இனி இவள் கம்பியைத் தாண்டினால் பூஜ்யம். கதவு திறக்கும். வெயில். சாலை. பஸ். நான்கு எட்டு.

பட்டைகளைக் கையால் விலக்கினாள்.

அவர்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றிருந்தார்கள். ஆறு பேர். முதல்முறையாக முகங்களைப் பார்த்தாள். சிவப்பு விளக்கில் நனைந்த முகங்கள். இமைகளில் உறைபனி. திறந்த கண்களின் மேல் கண்ணாடிபோல ஐஸ் படிந்திருந்தது. அந்த ஐஸுக்கு அடியில் கருவிழிகள் மட்டும் நகர்ந்து அவளைக் கண்டுபிடித்தன. உதடுகள் ஒட்டிக்கிடந்தன. ஆனாலும் குரல் வந்தது, இப்போது அவள் காதிலும், களைத்துப்போன, கோபமே இல்லாத குரல்.

"ஏளா... சட்டுன்னு வா."

ஜான்ஹவி பின்வாங்கினாள்.

"ஒன் ஒருத்திக்காகத்தான் எல்லாரும் நிக்கோம்."

இன்னும் பின்வாங்கினாள். முதுகில் ஐஸ் சுவர். கடைசி ஆளும் காத்து நின்ற இந்த முகங்களுக்குப் பயந்துதான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வர மறுத்திருக்கிறாள் என்பது இப்போது தெரிந்தது. எங்கோ தூரத்தில், கதவுக்கும் சுவருக்கும் அப்பால், சிலுவை இரும்பால் கதவை இடிக்கும் சத்தம் கேட்டது. கேட்டதா? அது தன் நெஞ்சடிப்பா? கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டாள். வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"வீட்டுல பிள்ளைய தேடும்லா. வா ளா."

பட்டைகளுக்கு இடையே ஒரு கை நீண்டது. நகக்கண்கள் வெளுத்த கை. உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, விரல்களை மடக்கி மடக்கி, வா, வா என்றது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை. இன்னொன்று. மற்றவர்கள் கம்பியைப் பாதி சுற்றிப் பிடித்துக்கொண்டு, அவள் வருவதற்கு வழிவிட்டு, நெருக்கியடித்து ஒதுங்கி நின்றார்கள்.